இனியனின் வலது காது

அந்தச் சனிக்கிழமை காலை நகைக்கடையில் காதுகுத்துக்காக இருந்தவர்கள் ஐந்து பேர். கவிதா அக்கா, அவர் கணவர் செந்தில், அவர்களுடைய பதினொரு மாதக் குழந்தை இனியன், காது குத்துகிற கடைக்காரப் பெண் மாரைக்கே, அப்புறம் நான். வந்திருக்க வேண்டியவர்களில் வராதவர் கவிதா அக்காவின் உடன்பிறந்த தம்பி பிரபு. விசா கொடுக்க மறுத்துவிட்டதால் பரமத்தி வேலூரிலேயே இருந்தார். அக்காவின் அப்பாவும் அம்மாவும் பாதி வந்திருந்தார்கள், அதாவது செந்தில் தூக்கிப் பிடித்திருந்த செல்போன் திரைக்குள். குலதெய்வம் வரவில்லை, கிடா வரவில்லை, ஆசாரி வரவில்லை. யாரும் கூப்பிடாததால் வராதவர்கள் என்று இன்னும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த என் அம்மா. பேரூராட்சிக் குப்பை வண்டியை விட்டுவிட்டு வந்து மதியத் தூக்கத்தில் இருந்த என் அய்யன். அவர்கள் இருவரும் இப்படி ஒரு காரியம் நடக்கிற இடத்திலிருந்து அவ்வளவு தொலைவில் இருந்ததால்தான் நான் அங்கே உட்கார முடிந்தது.

நெதர்லாந்தில் ஐந்தோவன் என்கிற இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் பழகாத ஒன்று, இங்கே ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்வதில்லை. அவருடைய அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் என்று அறையில் இருக்கிற அத்தனை பேர் கையையும் பிடித்துக் குலுக்கி 'ஹெஃபேலிசிடேர்ட்' என்கிறார்கள். உன் தம்பிக்காக உனக்கு வாழ்த்து, உன் மகளுக்காக உனக்கு வாழ்த்து. ஒருவனுக்கு நல்லது நடந்தால் அவனைச் சுற்றி உள்ளவர்களுக்கும் நடந்ததாகக் கணக்கு. அன்று காலை கடைக்குள் நுழைந்ததும் மாரைக்கே, "குழந்தைக்கு இவர் யார்?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள். கவிதா அக்கா பெருமையாக "ஓம்" என்றார். இந்த ஊர்ப் பேச்சில் ஓம் என்றால் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாம்தான். மாரைக்கே என் கையைப் பிடித்தாள். "ஹெஃபேலிசிடேர்ட், ஓம்!" கை வியர்த்திருந்தது, என் கைதான்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காது குத்துகிறபோது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அம்மா மடியோ அப்பா மடியோ கணக்கில் சேராது. தாய்மாமன் புதுத்துணி எடுத்து வருவான், கம்மல் கொண்டு வருவான், குழந்தை கத்தும்போது தலையைப் பிடித்துக்கொள்வான். அவன் வராமல் நடந்த காதுகுத்தைப் பத்து வருடம் கழித்தும் பேசுவார்கள். உடன்பிறந்த தாய்மாமன் இல்லையென்றால் அம்மா பிறந்த கூட்டத்தில் எவனாவது ஒருவனை உட்கார வைப்பார்கள். கூட்டம் என்பது கொங்கு நாட்டில் கவுண்டர்களுக்குள் இருக்கும் குலப்பிரிவு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் பங்காளிகள், அண்ணன் தங்கைகள். அதற்குள் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். நான் கவிதா அக்கா பிறந்த கூட்டம் என்று சொல்லியிருந்தேன். நான் அந்தக் கூட்டமும் இல்லை, எந்தக் கூட்டமும் இல்லை. நான் அருந்ததியர். எங்கள் தெருவில் கூட்டம் என்றால் அது ரேஷன் கடையில் நிற்பது.

அந்தப் பொய் பிறந்தது நான் வந்த மூன்றாவது மாதம். தமிழர்கள் சிலர் சேர்ந்து பொங்கல் வைத்தார்கள், ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில். இரண்டு மாதமாக வாய் திறந்து தமிழ் பேசாதவன் போய் ஓரமாக நின்றேன். கவிதா அக்கா ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"எந்த ஊருங்க தம்பி?"

"எருமப்பட்டிப் பக்கமுங்க."

"அட சாமி! நான் பரமத்தி வேலூருங்க. ஏனுங்க, இங்க வாங்க, நம்மூருப் பையன்!" என்று செந்திலைக் கூப்பிட்டார். எங்கள் பக்கம் கவுண்டர்கள் குடியிருப்பது அவரவர் தோட்டத்தில், அவர் வந்து சேர்வதற்குள் அடுத்த கேள்வி அதைப் பற்றி. "எந்தத் தோட்டமுங்க? பேரு சொன்னா எங்கப்பாவுக்குத் தெரியும்."

"சின்ன ஊருங்க. தெரியாதுங்க."

"படிப்பு, வேல எல்லாம் நல்லா இருக்குது. ஊட்டுல பொண்ணு பாக்கறாங்களா?" என்று, என் வேலையை விசாரித்து முடித்த செந்தில் கேட்டார். கேட்டுவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தார். கவிதா அக்காவுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், நாமக்கல்லில் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள் என்று ஒரே மூச்சில் எனக்குத் தெரிய வந்தது. "நான் பொறந்தது இன்ன கூட்டமுங்க. நீங்க?" என்றார் அக்கா.

அந்த இடத்தில் எனக்கு மூன்று வழி இருந்தது. உண்மையைச் சொல்லலாம், சொன்னால் சிரிப்பு மாறாது, ஆனால் கொஞ்ச நேரத்தில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். கல்லூரி விடுதியில் அந்த நகர்தலை நிறையப் பார்த்திருக்கிறேன். வேறொரு கூட்டத்தின் பெயரைச் சொல்லலாம். சொன்னால் தங்கையின் ஜாதகம் அடுத்த வாரமே வாட்ஸப்பில் வரும். அதனால் மூன்றாவதைத் தேர்ந்தேன். "நாங்களும் அதே கூட்டந்தானுங்க" என்றேன். இனி அந்தப் பெண் எனக்குத் தங்கை முறை, பேச்சு அத்தோடு முடிந்தது, நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். கல்யாணப் பேச்சிலிருந்து தப்பித்தது உண்மைதான். ஆனால் கவிதா அக்கா அப்போது நான்கு மாத கர்ப்பம். என் புத்திசாலித்தனம் அதை யோசிக்கவில்லை.

"அப்ப எனக்குத் தம்பி!" என்றார் அவர். "மாப்ள!" என்று செந்தில் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

இவ்வளவு சுளுவாக எப்படிப் பொய் சொல்ல முடிந்தது என்று கேட்பீர்கள். எனக்கு அந்தக் கூட்டங்கள் எல்லாம் மனப்பாடம். அய்யன் இழவுச் சேதி சொல்கிற ஆள். தோட்டத்துப் பெரிய வீடுகளில் யாராவது செத்தால், சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவிட்டு வருவது எங்கள் வீட்டு வேலை. யாரிடம் முதலில் சொல்ல வேண்டும், யார் பங்காளி, யார் மாமன் மச்சான், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, இதில் ஒன்று தவறினாலும் அடி விழும். அய்யனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாம் தலைக்குள் இருந்தது. நான் ஐந்தாவது படிக்கும்போது ஒரு ரூல் நோட்டில் அதையெல்லாம் எழுதச் சொன்னார். இன்ன ஊர், இன்ன கூட்டம், வாசலில் இன்ன மரம், பஸ் இறங்கி இத்தனை தூரம். எங்கள் வம்சத்தில் முதன்முதலாக எழுதப் படிக்கத் தெரிந்தவன் எழுதிய முதல் நீண்ட எழுத்து அதுதான், மற்றவர்கள் வீட்டுச் சொந்தபந்தம். எங்கள் தாத்தாவுக்கு அப்பா பெயர் என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செல்போன் வந்த பிறகு அந்த வேலை பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் சில வீடுகளில் முறைக்காக ஓர் ஆள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று அய்யனை இன்னும் அனுப்புகிறார்கள்.

அதற்கப்புறம் வாரம் தவறாமல் அவர்கள் வீட்டில் சாப்பாடு. அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், சூடான சோறு, பச்சைப்பயறு கடைந்தது, ரசம். சாப்பிட்டு முடித்து எழும்போது எவர்சில்வர் தூக்கில் இரவுக்கும் போட்டுக் கொடுப்பார். அடுத்த வாரம் தூக்கைக் கழுவிக் கொண்டு போவேன். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று உள்ளே இரண்டு ஆப்பிளாவது வைப்பேன். அந்தத் தூக்கு என் அறைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தது. இனியன் பிறந்த அன்று செந்திலோடு ஆஸ்பத்திரியில் இருந்தது நான்தான். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கடைக்கு ஓடுவது நான். ஒருமுறை பால்கனியில் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குள் பெரியவர்கள் பேசுவது ஒரு மாதிரித் தெலுங்கு. கதவைத் திறந்த செந்தில் அதைக் கேட்டுவிட்டார். அந்தப் பேச்சே எங்கள் சாதியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"மாப்ள, ஆந்திராப் பொண்ணுகிட்ட மாட்டிக்கிட்டயா? சொல்லு, அக்காகிட்டச் சொல்ல மாட்டேன்."

"அப்படியெல்லாம் இல்லீங்க மாமா."

"பொய் சொல்றான் பாரு, காதெல்லாம் செவந்துபோச்சு!"

இல்லாத ஒரு தெலுங்குப் பெண்ணை வைத்து ஆறு மாதம் என்னைக் கிண்டல் செய்தார்கள். நானும் அவள் கோபித்துக்கொண்டாள், சமாதானமானாள் என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். ஒரு பொய்க்கு உட்கார இடம் கொடுத்தால் அது தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

சக புலம்பெயர்ந்தவர்கள் ஒன்று கேட்கலாம். அங்கே போயும் எதற்காகத் தமிழர்களைத் தேடிப் போனாய்? இந்த நாட்டில் உன் சாதி எவனுக்குத் தெரியும்? சரிதான். செவ்வாய்க்கிழமைகளில் இங்கே நான் இருக்கும் தெருவுக்குக் குப்பை வண்டி வரும். ஆரஞ்சுச் சட்டை போட்ட இரண்டு பேர் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள், ஜன்னலில் நிற்கிற எனக்கு 'ஹொய்' என்று கை காட்டுவார்கள். ஒருநாள் தொழிற்சாலையில் சாப்பாட்டு மேசையில், யாரிடமும் சொல்லாததை, கூட வேலை செய்யும் பிராமிடம் சொன்னேன். என் அப்பா குப்பை அள்ளுகிறவர் என்று. பிராம் ரொட்டியை மென்றபடி, "நல்ல வேலை. ஓய்வூதியம் நன்றாக இருக்குமே? முதுகுக்கு மட்டும் கெடுதல்" என்றான். எங்கள் தெரு முழுவதும் அதே வேலைதான், வேறு வேலை தரமாட்டார்கள் என்றேன். "ஓ, தெருவே சேர்ந்து கம்பெனி நடத்துகிறீர்களா! குடும்பத் தொழில்!" என்று கண் விரித்தான். அவனுக்கு விளக்க எனக்கு டச்சு போதவில்லை, ஆங்கிலமும் போதவில்லை. எனக்கு லேசாகவும் இருந்தது, யாருமில்லாத இடத்தில் நிற்பது போலவும் இருந்தது. என்னைத் தெரியாதவனிடம் மரியாதை கிடைக்கிறது. என் பேச்சு தெரிந்தவரிடம்தான் பசி போகிறது. அந்த இரண்டையும் ஒரே வீட்டில் வாங்கப் பார்த்தேன், அதுதான் நான் செய்தது.

குழந்தைக்குப் பதினோராவது மாதம் காது குத்துவதாக முடிவு. செந்தில் அப்போது வேலை மாறியிருந்தார், குடியிருப்பு அட்டை கைக்கு வராமல் நாட்டை விட்டுப் போக முடியாது. பிரபுவை வரவழைக்கலாம் என்றால் விசா கிடைக்கவில்லை. அடுத்த ஒற்றைப்படை மாதம் வரை தள்ளுவதில் அக்காவின் அப்பாவுக்கு இஷ்டமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இனியன் என் மடியில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்.

"தம்பி, அப்பாகிட்டப் பேசிட்டன். பிரபு வராட்டி என்ன, நம்ம கூட்டத்துத் தம்பி இங்கயே இருக்கறான்ல, அவன் மடில வச்சே குத்திப்போடலாம்னு சொல்லிட்டாரு."

"நான் எப்படிங்க்கா... பிரபு அண்ணன் சங்கடப்படுவாருங்க."

"அவனே சொன்னதுதான். என்னடா, தாய்மாமன் சீருக்குப் பயந்துட்டயா? ஒண்ணும் செய்ய வேண்டாம், ஒரு சட்ட எடுத்துக் குடு, போதும்."

செந்தில் சமையலறையிலிருந்து, "உடாத கவிதா, ரெண்டு பவுன் கேளு!" என்றார். குழந்தை பொத்தானை விட்டுவிட்டு என் மூக்கைப் பிடித்தது. அவன் முதன்முதலாகத் தெளிவாகச் சொன்ன சொல் 'மாமா' தான். அது எல்லாக் குழந்தைகளுக்கும் எளிதில் வருகிற சொல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை அம்மாவிடம் நாமக்கல்லில் குழந்தைக்கு ஒரு சின்னக் கம்மல் வாங்கி, இந்தப் பக்கம் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டேன். தெலுங்கில் நடந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஆருக்கு?"

"சிநேகிதர் குழந்தைக்கு. காதுகுத்து."

"நீ எதுக்குக் கம்மல் எடுக்கோணும்? மாமன் இல்லையா?"

"நான்தான் மடில வச்சுக்கறேன்."

பின்னால் பண்ணைக் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. "ஆளுக ஆரு?" என்றார். சொன்னேன். "உன்னைய ஆருன்னு தெரியுமா அவுங்களுக்கு?"

"தெரியாது."

"டேய். சொல்லிப்போடு. இல்லாட்டிக் காய்ச்சல்னு படுத்துக்க. அது பச்சக் குழந்த, காதுல ரத்தம் வரும். நாளைக்கு அதுக்கு ஒரு சளி புடிச்சாலும் உன்ற கைபட்டதுனாலன்னு சொல்லுவாங்க." அம்மா பயப்பட்டது எனக்காகவா அந்தக் குழந்தைக்காகவா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கம்மலை அவர் வாங்கவில்லை. நான் இங்கேயே ஒரு நீலச் சட்டை வாங்கினேன்.

மீண்டும் அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நகைக்கடையில் ஒரு சுழல் நாற்காலி. மாரைக்கே ஒரு படிவத்தை நீட்டினாள், அதில் அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். பையனுக்கு எதற்குக் காது குத்துகிறீர்கள் என்று கேட்டாள். எங்கள் பக்கம் பையன்களுக்கும் உண்டு என்றார் செந்தில். அப்பா வைத்துக்கொள்கிறாரா என்றாள். இல்லை, ஓம் தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் அக்கா. ஏன் என்று அவள் கேட்டதற்கு யாராலும் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை. இனியனை நீலச் சட்டையில் என் மடியில் வைத்தார்கள். பேனாவால் இரண்டு மடலிலும் ஒவ்வொரு புள்ளி வைத்தாள். பையன் என்பதால் வலது காது முதலில். நான் அவன் நெற்றியை என் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தேன். ஸ்டேப்ளர் மாதிரி ஒரு சத்தம். ஒரு நொடி ஒன்றுமில்லை, அப்புறம் அவன் கத்திய கத்தலில் கடையில் மோதிரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என்மேல்தான் ஏறினான். கத்திக்கொண்டே என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். குழந்தை அடங்கட்டும், அடுத்ததைப் பிறகு குத்தலாம் என்று மாரைக்கே கையுறையைக் கழற்றினாள்.

அந்த இடைவெளியில்தான் செல்போனிலிருந்து அக்காவின் அப்பா பேசினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பின்னால் வாழைத் தோட்டம். கண் கலங்கியிருந்தார்.

"கண்ணு, போன நம்ம தம்பிகிட்டக் காட்டு." செந்தில் திரையை என் பக்கம் திருப்பினார். "சாமி, கடல் தாண்டி இருந்துக்கிட்டு எங்கூட்டு மொறையக் காப்பாத்திட்டீங்க. நல்லா இருக்கோணுஞ் சாமி."

சாமி என்கிற அந்தச் சொல்லை நான் பிறந்ததிலிருந்து எங்கள் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகத்தான் கேட்டிருக்கிறேன். தோட்டத்து வீட்டு ஐந்து வயதுப் பையனைப் பார்த்துக்கூட அய்யன் அப்படித்தான் சொல்வார்.

"இருக்கட்டுமுங்க" என்றேன்.

"இருக்கட்டும்னு உட்ற முடியுமுங்களா? மாமன் ஊட்டுக்குத் தட்டம் வைக்கோணும், அதான் மொற. தேங்கா பழம் வேட்டி சீல எல்லாம் எடுத்து வச்சுட்டன். காரு நிக்குது. இப்பப் பொறப்பட்டா அஞ்சு மணிக்கெல்லாம் எருமப்பட்டி போயர்லாம். உங்கய்யனையும் அம்மாவையும் பாத்து மரியாத பண்ணிட்டு வந்தர்றன். எந்தத் தோட்டம்னு சொல்லுங்க சாமி, அய்யன் பேரென்னங்க?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கொங்குநாட்டு முறை எல்லாம் நோட்டில் எழுதி வைத்தவன், இந்த ஒன்றை மறந்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு யாரும் தட்டம் எடுத்து வந்ததில்லை. ஏதாவது ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பெயர் தெரியும். ஆனால் அந்தத் தோட்டத்துக்காரர் எனக்கு அப்படி ஒரு மகன் இல்லை என்பார். ஊருக்குள் விசாரித்து, நெதர்லாந்தில் இருக்கும் பையன் என்றால் கடைசியில் எங்கள் தெருவைத்தான் காட்டுவார்கள். காரிலிருந்து வேட்டியோடு இறங்குகிறவரைப் பார்த்ததும் அய்யன் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சாமி, தப்பா வந்துட்டீங்க" என்று அவருக்கு வழி காட்டுவார். அந்தக் காட்சியை என்னால் தாங்க முடியவில்லை. நான் வீரம் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் காரை நிறுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"தோட்டமெல்லாம் இல்லீங்க. எங்கய்யன் பேரு மாரப்பனுங்க. கெழக்கால தெருவுல, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துலீங்க. பேரூராட்சில துப்புரவு வேலைங்க."

அவர் புரியாமல் திரையை நெருங்கினார். முகம் பெரிதாகியது. "மாரப்பன்னா... எழவுச் சேதி கொண்டாருவானே, காலு சாச்சு நடப்பான், அவனா?"

"ஆமாங்க. அவருதானுங்க."

அவர் திட்டவில்லை. திரையில் அவர் முகம் போய் வாழை இலைகள் தெரிந்தன, அப்புறம் ஒரு சுவர், பிறகு இருட்டு. "சிக்னல் போயிருச்சு" என்றார் செந்தில், யாரிடமும் இல்லாமல். கவிதா அக்கா கையை நீட்டினார். நான் குழந்தையைக் கொடுத்தேன். அவன் என் கழுத்தை விடவில்லை, விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

மாரைக்கே புதுக் கையுறையோடு வந்தாள். "அடுத்த காது?" நாற்காலியில் செந்தில் உட்கார்ந்திருந்தார். அவள் என்னைப் பார்த்து, "ஓம் களைத்துவிட்டாரா?" என்று சிரித்தாள். "பெரிய மனிதர்களுக்குத்தான் ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும். போய்த் தண்ணீர் குடியுங்கள்." ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இடது காது குத்தியபோது நான் கைக்கடிகார அலமாரிப் பக்கம் நின்றிருந்தேன்.

வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்தில் செந்தில், "தம்பி, நீங்க டயர்டா இருப்பீங்க, போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். மாப்ளயும் இல்லை, வா போவும் இல்லை. அவர்கள் வீட்டில் இலை போட்டுப் பன்னிரண்டு பேருக்குச் சமைத்திருந்தது எனக்குத் தெரியும், காய் நறுக்கியதே முதல் நாள் நான்தான். சாயங்காலம் என் அறைக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தபோது யாருமில்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் டப்பாவில் பாயசம், மேலே சின்னச் சீட்டு: டப்பா திருப்பித் தர வேண்டாம். அது அன்பா, ஒதுக்கமா என்று அந்த டப்பாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாயசத்தைக் குடித்தேன். நன்றாக இருந்தது.

பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தார். "நாங்க அப்படியெல்லாம் பாக்கறவங்க இல்லீங்க தம்பி. எங்க ஆபீஸ்ல எத்தன பேரு இருக்கறாங்க, சாதி கேட்டா பழகறோம்? நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா ஒண்ணுமில்ல. பொய் சொன்னதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்குது. அதுவும் குழந்த விசயத்துல."

"தப்புத்தானுங்க்கா. மன்னிச்சுருங்க."

"அப்பா மூணு நாளு சாப்படவே இல்ல."

நான் சொன்னது பொய். அதை இங்கே மழுப்பப் போவதில்லை. ஒரு பெண் என்னைத் தம்பி என்று நம்பிக் குழந்தையைக் கொடுத்தாள், நான் ஏமாற்றினேன். ஆனால் பொங்கல் தட்டோடு வந்த அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை என் மடிக்கு வந்திருக்குமா என்று அவரிடம் கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவர் சொன்னபடி பொய்தான் அவருக்குக் கஷ்டம் என்று நம்புவதற்கு எனக்கு ஆசையாக இருந்தது. பல வாரம் அப்படி நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அய்யனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, எந்த ஊட்டுக்காரர் என்று. "வேலூரு, வாழத் தோட்டம், பஸ் எறங்கித் தெக்க? நல்ல மனுசனாச்சே. ரெண்டு மொற போயிருக்கறன். திரும்பி வரப் பஸ்சுக்குக் காசு குடுத்தாரு." அப்புறம் அவர் குரல் மாறியது. "நீ எதுக்குடா என்ற பேரச் சொன்னே? வேற எதாச்சும் ஒரு பேரச் சொல்லிப்போட்டுப் போறதுதான? பெரிய மனுசன் மனசு நொந்திருக்கும்." அவர் பேரை நான் சொன்னதற்காக அவர் என்னை மன்னிக்கவில்லை என்றே நினைக்கிறேன். இப்போதும் போன் செய்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி போட அந்த நகைக்கடைக்குப் போனேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம். கால் அங்கேதான் போயிற்று. மாரைக்கேவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "ஓம்! இப்போது மயக்கம் வருகிறதா?" என்று சிரித்தாள். உங்கள் குழந்தை போன மாதம் வந்திருந்தான், நன்றாக வளர்ந்துவிட்டான், இன்னொரு ஓம் ஊரிலிருந்து வந்திருந்தார், அவர் மடியில் உட்கார்ந்தான் என்றாள். பிரபுவுக்கு விசா கிடைத்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குழந்தை எதற்காக வந்தான் என்று கேட்டேன்.

காது தூர்ந்துவிட்டது, மறுபடி குத்தினோம் என்றாள். "தோட்டைக் கழற்றிவிட்டார்களாம். சீழ் பிடித்ததா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். நான் பார்த்தேன், சுத்தமாக ஆறியிருந்தது, ஒரு சின்னப் புள்ளி மட்டும். தழும்பின் மேலேயே குத்தக்கூடாது, அதனால் கொஞ்சம் தள்ளிக் குத்தினேன். அம்மா அழுதுகொண்டே இருந்தாள், குழந்தைகூட அவ்வளவு அழவில்லை. என்ன காரணம் என்று கேட்டால் 'குடும்பம்' என்றார் அப்பா." அவள் தோளைக் குலுக்கினாள். உங்களுக்குத் தெரியுமா என்பது போல என்னைப் பார்த்தாள்.

இரண்டு காதுமா என்று கேட்டேன்.

"இல்லையே, இடது காதில் தோடு அப்படியே இருந்தது. வலது காது மட்டும்தான்" என்றாள். அந்தக் காது மடலில் இப்போது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அடையாளம் இருக்கும். ஒன்று திறந்தது, பிரபுவுடையது. ஒன்று தூர்ந்தது. அவன் வளர்ந்து கண்ணாடி பார்க்கும்போது அது மச்சம் என்று நினைத்துக்கொள்வான். நான் ஏதோ அதிகம் வாங்கிவிட்டார்களோ என்று கவலைப்படுவதாக மாரைக்கே நினைத்திருக்க வேண்டும். ஒரு காதுதான் என்பதால் பாதி விலைதான் போட்டேன், கவலைப்படாதீர்கள் என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். பத்தொன்பது யூரோ ஐம்பது சென்ட்.